பதினொரு கம்புகள்

புதன்கிழமை காலை தருமலிங்கம் வாத்தியார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வந்தபோது, முந்தின நாள் நட்ட, உப்புத்தண்ணீரில் வளரும் கண்டல் மரக் கன்றுகளைச் சுற்றி ஏழு படகுகள் நின்றிருந்தன. யாரும் வலை போடவில்லை. அக்கரைக்குப்பத்து ஆட்கள் சேற்றில் நின்ற கம்புகளை ஒவ்வொன்றாக விரல் நீட்டி எண்ணினார்கள். பிறகு வாத்தியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் படகைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தப் பார்வை வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை.

ஏற்கெனவே இருந்த கவலையே அவருக்குப் போதும். பழவேற்காட்டு ஒல்லாந்தர் கோட்டையின் இளைய துரை, சனிக்கிழமை தான் வரும்போது பள்ளியில் முப்பது பிள்ளைகள் இல்லையென்றால் கதவைப் பூட்டிவிட்டு அந்தக் கொட்டகையில் துணி மூட்டைகளை அடுக்கிவிடுவதாகத் தன் மொழிபெயர்ப்பாளனான துபாஷி மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். பள்ளியில் இருந்ததோ பதினொரு பேர். பள்ளி போய்விட்டால் வாத்தியார் காட்டூருக்குத் திரும்பி அண்ணனின் ஏருக்குப் பின்னால் நடக்க வேண்டும். அண்ணன் நல்லவர்தான். அண்ணி வாயைத் திறந்தால் ஏர்மாடே மிரளும்.

ஆகவே ஒரு யோசனை செய்தார். துரைக்கு மரமும் பறவையும் என்றால் உயிர். கொக்கைக் கண்டால் படம் எழுத உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகளுக்குச் சேறு என்றால் உயிர். எழுத்தைக் காட்டிக் கூப்பிட்டு வராத பிள்ளை, சேற்றைக் காட்டினால் வராமலா போகும்? சுண்ணாம்புக் காளவாய் விறகுக்காக வெட்டி வெட்டிக் கரையெல்லாம் மொட்டையாகிக் கிடந்தது. அங்கே பிள்ளைகளே கண்டல் நட்டு வளர்ப்பது, அதன் வேரடியில் வந்து சேரும் மீன்குஞ்சையும் இறாலையும் கண்ணால் பார்த்துப் படிப்பது என்று ஒரு பாடம் வகுத்தார். ஆளுக்கொரு கன்று. அலை அடித்துக்கொண்டு போகாமலிருக்கக் கன்றுக்கொரு கம்பு.

கம்புதான் வினையாயிற்று.

படகுகள் மறைவதற்குள் மேட்டுக்குப்பத்துத் தாமோதரன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவன் மகள் பள்ளியில் படிக்கிறாள்.

"இன்னா வாத்தியாரே இது? யாரு தண்ணில யாரு கம்பு நடறது?"

ஏரியில் எந்தத் தண்ணீரில் எந்தக் குப்பம் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாட்டுக்கு அடையாளம் கம்பு; கம்பு யாருடையதோ தண்ணீர் அவருடையது. அந்த இடம் இந்த வருஷம் அக்கரைக்குப்பத்துக்கு விழுந்திருக்கிறது. அதில் மேட்டுக்குப்பத்துப் பிள்ளைகளை விட்டுப் பதினொரு கம்பு நட்டுவைத்திருக்கிறோம் என்பது காட்டூர்க்காரரான வாத்தியாருக்கு அப்போதுதான் உறைத்தது.

"போன தபா ஒரே ஒரு கம்பு. நாலு மண்டை ஒடைஞ்சுது," என்றான் தாமோதரன்.

இது பள்ளிக்கூட வேலை என்று தெரிந்தால் கோபம் தணிந்துவிடும் என்று வாத்தியார் நம்பினார். படித்த மனிதர் அல்லவா, படித்தவர் செய்கிற தப்பையே செய்தார். பனையோலையை நறுக்கி, ஒவ்வொரு நறுக்கிலும் பிள்ளையின் பெயரையும் தகப்பன் பெயரையும், கீழே 'கோட்டைப் பள்ளிக்கூடம்' என்றும் அழகாக எழுதிக் கம்புகளில் கட்டிவிட்டார்.

அக்கரைக்குப்பத்தார் படிக்கத் தெரிந்த ஒரு பூசாரியைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவர் ஏரி முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். பதினொரு தகப்பன்மார், ஓலை எழுதி, கோட்டையின் பேரையும் போட்டு, ஆளுக்கொரு பாடு எடுத்துக்கொண்டார்கள் என்ற சேதி சாயங்காலத்துக்குள் எல்லாக் குப்பத்துக்கும் போய்விட்டது. அந்தப் பதினொரு பேருக்கும் அது கடைசியாகத்தான் தெரிந்தது. அவர்களில் கங்காதரன் என்பவன் பள்ளி வாசலுக்கே வந்து நின்றான்.

"எம்பேர ஓலைல எழுதச் சொல்லி உங்கள யாரு கேட்டது? நான் நாளைக்கு அந்தத் தண்ணில தொழிலுக்குப் போணுமா வேணாமா?"

மறுநாள் ஐந்து பிள்ளைகள்தான் பள்ளிக்கு வந்தார்கள். முப்பதை நோக்கிப் போகவேண்டிய கணக்கு வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

இனிக் கம்பே வேண்டாம் என்று, படகுகளெல்லாம் கடலுக்குப் போயிருந்த மத்தியான நேரத்தில் வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். நாலு கம்பைப் பிடுங்கியிருப்பார். தாமோதரன் கரையிலிருந்து இரண்டு கையையும் ஆட்டினான். பஞ்சாயத்து உட்காரும் முன்னால் நட்ட கம்பைப் பிடுங்குவது நடுவதைவிடப் பெரிய குற்றமாம். வாத்தியார் அவசர அவசரமாகத் திரும்ப நட்டார். அதற்குள் சேறு மூடிப் பழைய குழி ஒன்றும் தெரியவில்லை; கைபோன இடத்தில் குத்திவிட்டுக் கரையேறினார். ஏறித் திரும்பிப் பார்த்தபோது நாலு கம்பும் முன்னைவிட மூன்று ஆள் நீளம் தள்ளி, ஏரிக்குள் போய் நின்றன.

"பாட்ட நீட்டிட்டீங்களே," என்று தாமோதரன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை அவன் கொண்டுவந்த சேதி இன்னும் மோசமாக இருந்தது. அக்கரைக்குப்பத்தில் பறையடித்துக் கூட்டம் போட்டிருக்கிறார்கள். வீடுவீடாகப் போய்த் தலையை எண்ணுகிறார்கள். ஒருத்தரும் விட்டுப்போகக் கூடாது, விடிந்ததும் எல்லாப் படகும் கிளம்ப வேண்டும் என்று ஊர்த் தலைவரான பெரியதனக்காரர் சின்னதம்பி சொல்லிவிட்டாராம். வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு காட்டூருக்கே போய்விடலாமா என்று பார்த்தார். அண்ணியை நினைத்தார். இருந்துவிட்டார்.

சனிக்கிழமை துரை, துபாஷியும் இரண்டு சிப்பாய்களும் பின்னால் வர, நேரே கரைக்கு வந்தார். கன்றுகளைக் குனிந்து பார்த்தபோது அவர் முகம் மலர்ந்தது. ஐந்து பிள்ளைகளை நிமிர்ந்து பார்த்தபோது அது வாடிவிட்டது. அவர் ஏதோ சொல்ல வாயெடுத்த நேரத்தில் ஏரியின்மேல் படகுகள் தெரிந்தன. இருபது படகுக்குக் குறையாது. எல்லாம் பாரம் தாங்காமல் தண்ணீருக்குள் அழுந்தி வந்தன.

மேட்டுக்குப்பத்து ஆண்கள் துடுப்பும் கையுமாகக் கரைக்கு ஓடிவந்தார்கள். சிப்பாய்கள் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார்கள். பிள்ளைகள் ஐந்து பேரும் வாத்தியாரின் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மரம் நடப்போய் இந்தக் குழந்தைகள் கண்ணெதிரே கொலை விழப்போகிறதே! பள்ளியாவது மண்ணாவது என்று பிள்ளைகளின் கையை விலக்கிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. இதெல்லாம் வெறும் கம்பு. கன்னு சாயாம இருக்க நான் நடச் சொன்னது. இதனால எந்தப் பிள்ளைக்கும் ஒரு சாண் தண்ணிகூடப் பாத்தியதை கிடையாது. கோட்டையும் குடுக்கல, யாரும் குடுக்கல. அடிக்கிறதா இருந்தா என்னை அடிங்க."

துபாஷி அதைத் துரைக்குச் சொன்னான். துரையும் ஆமாம், வெறும் கம்புதான் என்று பலமாகத் தலையாட்டினார்.

படகுகள் அப்படியே நின்றன. சின்னதம்பி துடுப்பைக் கீழே வைத்துவிட்டார். முன்படகில் அவர் மனைவி இருசம்மாள் எழுந்து நின்றாள். அவளுக்குப் பின்னால், படகுக்குப் படகு, எண்ணெய் வைத்து வாரிய சின்னத் தலைகள் எட்டிப்பார்த்தன. ஒவ்வொன்றின் கையிலும் ஒரு கம்பு இருந்தது.

"பள்ளிக்கூடத்துல சேந்தா புள்ளைக்கொரு பாடுனு கோட்டை குடுக்குதுன்னு நம்பி, நாப்பது புள்ளைங்கள இழுத்துப் புடிச்சுக் குளிப்பாட்டிக் கூட்டியாந்தோம்; ஒண்ணும் இல்லியாம், படகத் திருப்புங்க."