துணைக்குச் சாப்பிட்ட பள்ளிக்கூடம்

பார்க்கிறவர் கண்ணுக்கு ஏழையாகத் தெரிவது அத்தனை சுலபமில்லை. ஒரு பள்ளிக்கூடத்தையே அப்படிக் காட்டப் பாடுபட்டு, என் ஒருத்தி விஷயத்தில் மட்டும் அமோக வெற்றி பெற்றவள் நான்.

அப்போது எனக்கு இருபது வயது. யுத்தம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முந்தி. மதுரையில் டீச்சர் டிரெயினிங் முடித்த கையோடு, வருசநாட்டுப் பக்கம் மலையடிவாரத்தில் ஓர் ஊரில் போட்டார்கள். ஒரு கூரைக் கொட்டகை, ஒரு கரும்பலகை, ஒரு டீச்சர். (அந்த டீச்சர் தன்னைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயம் மட்டும் ஹைஸ்கூல் கட்டடம் அளவுக்குப் பெரிசு.) பழனிசெட்டிபட்டியிலிருந்து என் அம்மாவும் கூட வந்து தங்கியிருந்தாள்.

பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மலைமேல் ஏலத்தோட்டத்தில் கூலி வேலை. மீதிப் பேர் விறகு வெட்டிப் பிழைத்தார்கள். காலையில் பிள்ளைகள் கணீரென்று வாய்ப்பாடு சொல்வார்கள். மத்தியானம் மணி அடித்ததும் ஒரே ஓட்டமாக ஓடைக்குப் போய், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, காரைப்பழம் கிடைத்தால் தின்றுவிட்டு வருவார்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்ய? அங்கே அடுப்பு ராத்திரிதான் எரியும். அதன் பிறகு நான் என்ன பாடம் நடத்தினாலும் அது தாலாட்டுத்தான். ஆரம்பத்தில், தூங்கிய பிள்ளைகளை எழுப்பி மூலையில் நிற்க வைத்தேன். காரணம் தெரிந்த பிறகு அதை நினைத்து அழுதிருக்கிறேன்.

இப்படிப்பட்ட பள்ளிக்கூடங்களில் மத்தியானக் கூழ் ஊற்ற சர்க்கார் பணம் தருகிறது என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். ஸ்கூல் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்ப்பார், அவருக்குத் திருப்தியானால் கிடைக்கும் என்று பதில் வந்தது. இல்லாவிட்டால் ஓடைத் தண்ணீர்தான்.

நான் சும்மா இருந்திருந்தாலே போதும். அந்தப் பிள்ளைகளை எந்த நாளில் வந்து பார்த்திருந்தாலும் அவருக்கு விஷயம் விளங்கியிருக்கும். ஆனால் என் மூளை சும்மா இருக்குமா? "குளிச்சிட்டு வாங்க, தலை வாரிட்டு வாங்க" என்று வருஷம் பூராவும் அவர்கள் உயிரை வாங்கிய நான், அவர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் எல்லாரையும் நிறுத்தி வைத்து, "நாளைக்கு யாரும் குளிக்க வேணாம். எண்ணெய் வைக்க வேணாம். இருக்கிறதிலேயே கிழிஞ்ச துணியா உடுத்திட்டு வாங்க" என்றேன். பிள்ளைகளுக்கு ஒரே குஷி.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பேச்சியம்மா வந்து நின்றாள். மூன்றாம் வகுப்பு ராக்குவின் தாய். அந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் நாட்டாமை மாதிரி.

"டீச்சரம்மா, பிள்ளைகளக் குளிக்க வேணாம்னு சொன்னீகளாமே?"

"ஆமா பேச்சியம்மா. பெரிய அதிகாரி வாராக. நம்ம கஷ்டம் அவுக கண்ணுல படணும்ல?"

"கஷ்டம் எங்க வீட்டுக்குள்ள கெடக்கு. அதை எதுக்கு எம்புள்ள மேல உடுத்தி விடணும்?"

"கூழ் கிடைக்கணும்ல?"

"கெடைச்சாக் கெடைக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். (டிரெயினிங்கில் மனோதத்துவத்துக்கு எனக்கு நல்ல மார்க்கு.)

மறுநாள் காலையில் நானும் வேஷம் கட்டினேன். அம்மா கரித்துணிக்கு ஒதுக்கி வைத்திருந்த புடவை. ஒட்டுப் போட்ட ரவிக்கை. தலையில் சொட்டு எண்ணெய் இல்லை. படபடப்பில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. "என்னடி இது கோலம்? யாரும் செத்துட்டாகளா?" என்றாள் அம்மா.

பள்ளிக்கூடத்துக்கு வந்த என் ஏழைகளைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. திருவிழாவுக்குக்கூட அந்த ஊர் அப்படி மினுங்கியதில்லை. எண்ணெய் வழிய வாரிய தலைகள், நெற்றி நிறைய விபூதி. மாயாண்டி தன் அப்பாவின் கல்யாணக் கோட்டுக்குள் இருந்தான். அது கணுக்கால்வரை தொங்கியது, கைகளைக் காணவில்லை. ராக்குவின் காலில் யாரோ ஒரு புதுப்பெண்ணிடம் இரவல் வாங்கிய கொலுசு. அது கழன்று கழன்று விழுந்ததால் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். வெளியே தாய்மார்கள் வரிசையாக நின்றார்கள். ஒருத்திகூட அன்றைக்குக் கூலிக்குப் போகவில்லை.

மாட்டுவண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்த இடுப்பு வலியோடு இன்ஸ்பெக்டர் இறங்கினார். என்னைப் பார்த்து, "ஏம்மா, பெருக்கினது போதும். போய் டீச்சரைக் கூப்பிடு" என்றார்.

"நாந்தாங்க டீச்சர்."

மேலும் கீழும் பார்த்தார். "சரி" என்று மட்டும் சொன்னார். அந்தச் 'சரி'யில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

உள்ளே போய் மாயாண்டியிடம், "காலையில என்னடா சாப்பிட்டே?" என்றார்.

"நெல்லுச்சோறுங்க."

(நெல்லுச்சோறு அங்கே தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான்.) அடுத்தவன், "நெல்லுச்சோறும் கறிக்கொழம்பும்" என்றான். அதற்கடுத்தவள் முட்டையையும் சேர்த்துக்கொண்டாள். வரிசை நகர நகர விருந்து பெருத்துக்கொண்டே போய், கடைசிப் பையன் ஒரு முழுக் கிடாயைத் தனியாளாகத் தின்று முடித்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே தாய்மார்கள் ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "பசின்னு மனுப் போட்டிருக்கீங்க. இங்க யாருக்கும்மா பசி?"

ராக்குதான் உதவிக்கு வந்தாள். "டீச்சரம்மாதாங்க இன்னிக்கு ஒண்ணும் சாப்பிடல. அவுக ஆத்தா சொன்னாக."

அவர் என் புடவையைப் பார்த்தார். தலையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "ஏம்மா, சம்பளம் ஒழுங்கா வருதா?" என்று கேட்டுவிட்டுத் தன் தூக்குச்சட்டியை வண்டியிலிருந்து எடுத்து வரச் சொன்னார். "சாப்பிடு."

"வேண்டாங்க."

"சாப்பிடும்மா. மயங்கி விழுந்து வச்சா நான்தான் பதில் சொல்லணும்."

மூடியைத் திறந்தேன். புளியோதரை. நல்லெண்ணெய் வாசம் கொட்டகை முழுக்கப் பரவியது. வரிசையில் நின்ற பிள்ளைகளின் கண்ணெல்லாம் சட்டிக்குள் போய் விழுந்தது. ராக்குவின் கை அவளை அறியாமலே நீண்டது. "ஏ ராக்கு!" என்று வெளியிலிருந்து ஓர் அதட்டல். கையை இழுத்துக்கொண்டாள். "எனக்கு வேணாம். நான் நெல்லுச்சோறு தின்னேன்" என்றாள். கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

எல்லாம் இரவல், எல்லாம் பொய் என்று சொல்லிவிடலாம். கூழ் கிடைத்துவிடும். வாயெடுத்தவள் பேச்சியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அந்த இடத்தில் கூசிப்போக வைக்க எனக்கு மனசு வரவில்லை.

"ஐயா, எனக்குத் தனியாச் சாப்பிட்டுப் பழக்கமில்லைங்க. யாராவது துணைக்குச் சாப்பிட்டாத்தான் இறங்கும்" என்றேன்.

பேச்சியம்மா கம்பியை விட்டுவிட்டு, "டீச்சரம்மா கூப்புடுறாகல்ல? போ, துணைக்கு ஒரு வாயி வாங்கிக்க" என்றாள்.

ஆளுக்கு ஒரு வாய். தூக்குச்சட்டியைக் கழுவ வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மாயாண்டி மட்டும் தன் பங்கைக் கோட்டுக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றான்.

"ஏன்டா, சாப்பிடலையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தம்பிக்குங்க. அவனும் நெல்லுச்சோறு தின்னுட்டான். சும்மா, துணைக்கு."

இன்ஸ்பெக்டர் சட்டென்று வெளியே போய், என்ன தப்புச் செய்தான் என்று தெரியாத வண்டிக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஏறி உட்கார்ந்ததும் தாய்மார்களுக்குக் கேட்கும்படி, "டீச்சர், நீங்க தனியாச் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கக் கூடாது. நான் ஏற்பாடு பண்றேன்" என்றார். சாப்பிடாமலேதான் போனார்.

அடுத்த மாதமே கேப்பைக்கூழ் வந்தது. எனக்குக் கேப்பை என்றாலே குமட்டும். ஆனால் நான் ஒரு வாய் குடிக்காமல் ஒரு பிள்ளையும் குவளையைத் தொடுவதில்லை. முதல் நாள் பேச்சியம்மா முந்தானையில் முடிந்து ஒரு வெங்காயம் கொண்டு வந்தாள். "வெறுங்கூழு எறங்காது, கடிச்சுக்கங்க. எம்புள்ள துணைக்கு இருப்பா" என்றாள். என்னை நிஜமாகவே இல்லாதவள் என்று நம்பினாளா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த ஊரில் இருந்த வருஷமெல்லாம் முதல் குவளையை நான்தான் குடித்தேன்.

இந்தக் கதை என் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். 'சர்க்கார் சாப்பாடு போட்டு வளர்த்த டீச்சர்' என்று சம்பந்தி வீட்டார் வரைக்கும் சொல்லிச் சிரித்தாகிவிட்டது. ராத்திரி எனக்கு எதுவும் வேண்டாம் என்று படுத்துவிட்டால், என் மகன் தட்டோடு வந்து நிற்பான்: "அம்மா, எந்திரிங்க. நீங்க ஒரு வாய் வச்சாத்தான் பிள்ளைக சாப்பிடும்." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் எழுந்து உட்காருகிறேன். ஆனால் அதைக் கேட்ட பிறகு சாப்பிடாமல் படுக்க இன்றுவரை என்னால் முடிந்ததில்லை.