பொட்டு வைத்த டிஸ்க்குகளும் வேலம்மாவின் பிறந்த தேதியும்

வெதர்பை தோட்டக் காரியாலயம்,
கோல சிலாங்கூர்.
25 அக்டோபர் 1989, புதன்கிழமை, பிற்பகல் மணி 1.10

அன்பும் பொறுமையும் நிறைந்த மருமகன் வைரவநாதன் அவர்களுக்கு,

மாமா சபாரத்தினம் எழுதிக்கொள்வது. புக்கிட் பெலிம்பிங்கில் நானும் மாமி அன்னபாக்கியமும் சுகம். பெட்டாலிங் ஜெயாவில் நீங்களும் என் மகள் விமலாதேவியும் அதைவிடச் சுகமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் எழுதும் மேசையின் வலப்பக்கத்தில் நீங்கள் கொண்டுவந்து வைத்த கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருக்கிறது. திரையில் 11 என்று நிற்கிறது. அது 100 ஆக வேண்டும். அதுவரை ஒன்றையும் தொடாமல் சும்மா இருக்கும்படி நீங்கள் டெலிபோனில் சொன்னீர்கள். சும்மா இருக்கத் தெரிந்தவன் தோட்டக் கணக்கெழுதும் கிராணி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருஷம் கழித்தும் இந்தக் காரியாலயத்துக்கு வந்துகொண்டிருக்க மாட்டான். ஆகவே கைகளுக்கு ஒரு வேலையாக இந்தக் கடிதம்.

முதலில் ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். கம்ப்யூட்டரில் இடி விழுந்தது என்று உங்களிடம் சொன்னேன். இடி விழவில்லை. "என்ன மாமா, இடி விழுந்தா லேபிள் எல்லாம் நேர்த்தியா உரியுமோ?" என்று நீங்கள் இரண்டு தரம் கேட்டபோது, லைன் சரியில்லை என்று டெலிபோனை வைத்ததும் நான்தான். லைன் நன்றாகத்தான் இருந்தது.

நடந்தது ஆயுத பூஜை. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் ரெங்கசாமியை உங்களுக்குத் தெரியும்; நீங்கள் கம்ப்யூட்டரை இறக்கிய நாளில் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தவர், தோட்டத்துக் கோயில் தலைவரும் அவர்தான். பூஜையன்று பால்வெட்டுக் கத்தி, லோரிச் சாவி, என் பழைய தட்டச்சு இயந்திரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாயிற்று. கம்ப்யூட்டர் பெட்டியின் மேலும் ஒரு பொட்டு வைத்தால் போதும் என்றேன். அவர் கேட்கவில்லை.

"கிராணி ஐயா, கத்திக்கு உறையோடவா பூஜை போடுறோம்? உள்ள இருக்குறதுதான லா ஆயுதம்" என்றார்.

முப்பத்து நான்கு வருஷ சேவையில் ரெங்கசாமியின் வாதத்துக்கு நான் பதில் கண்டுபிடித்ததில்லை. திருகாணிகளைக் கழற்றினோம். உள்ளே நீங்கள் எனக்குக் காட்டிய ஐந்து டிஸ்க்குகள், ஒவ்வொன்றும் செங்கல் கனம், ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. பெயர்கள் எல்லாம் துண்டு துண்டாக ஐந்திலும் பரவிக் கிடக்கும், ஒன்று செத்துப்போனாலும் மற்ற நாலும் சேர்ந்து அது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும் என்று அன்றைக்கு நீங்கள் விளக்கியபோது நான் தலையாட்டினேன். உண்மையில் நம்பவில்லை. நாங்கள் சகோதரர்கள் ஐந்து பேர். மூத்தவர் செத்தபோது அவர் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று மற்ற நாலு பேரும் நாலு விதமாகச் சொன்னோம்.

ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒன்று முதல் ஐந்து வரை நீங்கள் லேபிள் ஒட்டியிருந்தீர்கள். எப்படி ஒட்டினீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா, தம்பி? நாக்கில் தடவி ஒட்டினீர்கள். நான் கவனிக்கவில்லை, ரெங்கசாமி கவனித்திருக்கிறார். "மாப்பிள்ள எச்சி பண்ணி ஒட்டுனது. சாமி முன்னால வெக்க முடியாதுங்க" என்று சொல்லி ஐந்தையும் உரித்து, பன்னீரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டார். நல்லவேளையாக டிஸ்க்குகளைப் பன்னீரில் முக்கவில்லை. அதற்கு மட்டும் நான் குறுக்கே நின்றேன்.

பிறகு வாழையிலையில் ஐந்தும் வரிசையாக அமர்ந்தன. சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி இலையோடு தூக்கும்போது ஒன்று வழுக்கிச் சிமெந்துத் தரையில் விழுந்தது. "ஒண்ணும் ஆவலைங்க, சத்தமே வரல" என்றார் ரெங்கசாமி. அதன் பிறகு அதிலிருந்து சத்தமே வரவில்லை என்பது உண்மைதான். அதையும் மற்ற நாலையும் கைக்கு வந்தபடி உள்ளே தள்ளி மூடினோம். கம்ப்யூட்டரை முடுக்கினால் திரையில் ஒரு பெயரும் இல்லை.

(மணி 1.45. எண் 26.)

உங்களுக்கு இது ஒரு இயந்திரம் கெட்ட கதை. இங்கே வாசல் பெஞ்சில், பிளாஸ்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலம்மா என்கிற அம்மாள் திங்கட்கிழமையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார். ஏழாம் நம்பர் லயத்து வரிசை வீட்டில் இருப்பவர், செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர், வயது ஐம்பதுக்கு மேல். கையில் இன்னும் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டை. நீல அட்டைக்கு மூன்று முறை மனுப் போட்டு, நாளைக் காலை ஒன்பது மணிக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்த மண்ணில் பிறந்தவர் என்று தோட்டம் கொடுக்கும் காகிதம் ஒன்று வேண்டும். அந்தக் காகிதத்துக்கு ஆதாரம் தோட்டத்துப் பிறப்புப் பதிவேடு. பதிவேடு முழுவதும், 1,846 பெயர்கள், அந்த ஐந்து டிஸ்க்குகளுக்குள்.

பழைய புத்தகங்கள் எங்கே என்று கேட்பீர்கள். ஜனவரி முதல் ஜூலை வரை நானே உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் தட்டினேன். வெறுமனே தட்டவில்லை, சுத்தமும் செய்தேன். முப்பதுகளில் இங்கே இருந்த கிராணி கள்ளுக்கடைப் பக்கம் அதிகம் போகிறவர் என்று கேள்வி. மனிதர் ஒரே தகப்பனுக்கு, ஒரே லயத்தில், ஒரே பெயருள்ள பிள்ளையை இரண்டு முறை பிறக்க வைத்திருக்கிறார். அப்படி இருபத்து மூன்று இரட்டைப் பதிவுகளைக் கண்டுபிடித்துப் பிந்தியதை நீக்கினேன். ஆகஸ்டில் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் சரிபார்த்தேன். பிறகு தஞ்சோங் காராங்கிலிருந்து வரும் பழைய பேப்பர் லோரியில் ஏற்றிவிட்டேன். பன்னிரண்டு புத்தகம் என்று என் கணக்கு, லோரிக்காரர் எண்ணியபோது பதினொன்று. என் ஆயுளில் நான் எண்ணிக்கையில் தவறியது அந்த ஒரு தடவைதான். வயசாகிறது.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் டெலிபோனில் சொன்ன வழி சுலபம். செத்த டிஸ்க் இருந்த இடத்தில் புது டிஸ்க்கை வைத்து, மற்ற நாலையும் பழைய வரிசைப்படியே மாட்டினால், முதல் பத்துப் பெயர்கள் திரையில் வரும். பெயர்கள் சரியாக இருந்தால் மட்டும் Y என்ற எழுத்தைத் தட்ட வேண்டும். தப்பான வரிசையில் தட்டினால் எல்லாம் ஒரேயடியாக அழிந்துவிடும். புது டிஸ்க் திங்கட்கிழமை பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அதை விமலாதேவி முறுக்கு டின்னில் வைத்து அனுப்பியிருக்கத் தேவையில்லை. மாமி அதைத் தீபாவளிக்கு என்று குளிர்ப்பெட்டியின் மேல் வைத்துவிட்டு அரை நாள் என்னிடம் சொல்லவில்லை. ஒரு நன்மை, முன்பெல்லாம் அந்தக் குளிர்ப்பெட்டியின் மேல் எதை வைத்தாலும் ஆட்டத்தில் விழுந்துவிடும், இப்போது ஆடுவதில்லை. மாமியே ஏதோ செய்து நிறுத்தியிருக்கிறா.

சரி, பழைய வரிசை எது? லேபிள் இல்லை. ஐந்து பொருள்களை நூற்றிருபது விதமாக அடுக்கலாம் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். ஒரு தரம் கழற்றி மாட்டி முடுக்க நாற்பது நிமிஷம். காரியாலய நேரத்தில் மட்டும் செய்தால் பத்து வேலை நாள். நேர்முகத்துக்கு இருந்தது மூன்று.

(மணி 2.30. எண் 47. கரண்ட் ஒரு தரம் கண் சிமிட்டியது. நானும் வேலம்மாவும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். எண் அசையவில்லை. பிறகு 48. உட்கார்ந்தோம்.)

நேற்று முற்பகல் என்ன செய்வது என்று தெரியாமல், குங்குமம் உள்ளே போய் ஏதாவது கெடுத்திருக்குமோ என்று ஒரு துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன். இரண்டு டிஸ்க்கைத் துடைத்து மூன்றாவதில் கை வைத்தபோது வேலம்மா உள்ளே ஓடி வந்தார்.

"ஐயா, தொடைக்காதீங்க! அது நான் வெச்ச பொட்டுங்க!"

"நீங்கள் வைத்ததால் என்ன? அழுக்குத்தானே" என்றேன்.

"மண்டோரு மேலேருந்து ஒண்ணொண்ணா எடுத்துக் குடுத்தாரு, நான் வாங்கி வாங்கிப் பொட்டு வெச்சேன். ஒரே தடவைதான் குங்குமம் தொட்டேங்க. மொத பொட்டு இந்தா, அப்பிக்கிட்டு இருக்கு பாருங்க. இது நாலாவது, வெளுத்துப் போச்சு. இது கடைசி, வெறும் வெரல்தான் பட்டுச்சு. நீங்க தொடைச்சது ரெண்டும் நடுவுல உள்ளது. கொஞ்சம் பொறுத்திருந்தா சொல்லிருப்பேன்ல. என்னைய யாரு கேட்டா?"

யாரும் கேட்கவில்லை, தம்பி. இரண்டு நாளாக வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் தேநீர் வேண்டுமா என்று கேட்டேனே தவிர, வரிசை தெரியுமா என்று கேட்கவில்லை. விழுந்து செத்தது அந்த நாலாவது. ஆக எனக்குத் தெரியாதது இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும். நூற்றிருபது, ஒரு நிமிஷத்தில் இரண்டாகக் குறைந்தது.

நேற்றுப் பிற்பகல் முதல் விதமாக மாட்டியபோது பெயர்கள் வந்தன. ஆனால் பெருமாள் என்பவர் பெண் என்றும், அவருடைய தகப்பனார் பெயர் ஒன்பதாம் நம்பர் லயம் என்றும் இருந்தது. Y தட்டவில்லை. இன்று மதியம் இரண்டையும் இடம் மாற்றினேன். பத்துப் பெயர்களும் கண்ணாடி மாதிரி வந்தன. அப்போதே வேலம்மாவின் பெயரை மட்டும் அச்சடித்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கிற நாலில இன்னும் ஒண்டு போனா எல்லாம் போச்சு மாமா, முதல்ல அஞ்சாவதை நிரப்புங்கோ" என்றீர்கள். Y தட்டினேன்.

(மணி 3.20. எண் 79.)

வேலம்மா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையை நீட்டி, "வந்திருச்சுங்களா?" என்கிறார். ரெங்கசாமி வந்து பார்த்துவிட்டு, "பூஜை போட்டதாலதான் லா நாலாவது பொழச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

(மணி 3.58. எண் 100.)

வந்துவிட்டது! 1,846 பெயர்கள். ஒன்று குறையவில்லை, நானே எண்ணச் சொல்லிப் பார்த்தேன். வேலம்மா, தகப்பன் பெயர் சின்னையா, லயம் ஏழு, பிறப்பு 1930. அச்சு இயந்திரம் கிர்ரென்று அடித்துக்கொண்டிருக்கிறது. மருமகனே, நான் நம்பாதது தவறு. என் சகோதரர்கள் நாலு பேர் செய்யாததை உங்கள் நாலு டிஸ்க்குகள் செய்துவிட்டன. இனி எவ்வளவு முக்கியமான சங்கதியானாலும் காகிதத்தில் வைப்பது பைத்தியக்காரத்தனம் என்று மேனேஜருக்கு இன்றே குறிப்பு எழுதப் போகிறேன். ஒரு ஏழைப் பெண்ணின் பிறப்பை மீட்டுக் கொடுத்த புண்ணியம் உங்களுக்கும் உங்கள் சந்ததிக்கும் சேரட்டும். தீபாவளிக்கு இருவரும் நேரத்தோடு வந்து எண்ணெய் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மாமியின் கட்டளை. நீடூழி வாழ வேண்டும் என்பது என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மன நிறைவுடன்,
க. சபாரத்தினம்

பி.கு. வியாழன், காலை மணி 7.40. கடிதத்தைத் தபாலில் போடவில்லை. நல்லதாயிற்று.

நேற்று அச்சடித்த தாளை வேலம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுத் தாளை வாங்காமல் நின்றார். "ஐயா, எனக்கு அம்பத்தாறுதாங்க. முப்பதுல பொறந்தது எங்கக்கா. அது ரெண்டு வயசுல காச்சல்ல போயிருச்சு. அது பேரைத்தான் எனக்கு வெச்சாங்க" என்றார்.

அப்போதுதான் விளங்கியது. கள்ளுக்கடைக் கிராணி ஒரு பிள்ளையை இரண்டு முறை பிறக்க வைக்கவில்லை. இரண்டு பிள்ளைகள். இரட்டைப் பதிவு என்று நான் நீக்கியது இந்த அம்மாளை. ஐந்து டிஸ்க்குகளும் நான் கொடுத்ததை அப்படியே திருப்பித் தந்தன. செத்தவரைத் தந்தன, ஏனென்றால் உயிரோடு இருப்பவரை நான் கொடுக்கவே இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். மாமி விஷயத்தைக் கேட்டா. "எந்த வருஷத்துப் புத்தகம்?" என்றா. முப்பத்து மூன்று என்றேன். எழும்பிக் குசினிக்குப் போய், "உந்தக் குளிர்ப்பெட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கோ" என்றா. முன்காலின் கீழே இருந்தது என் பன்னிரண்டாவது புத்தகம், 1929 முதல் 1936 வரை. "எல்லாத்தையும் பேப்பர்காரனுக்குக் குடுக்கப் போறீங்கள், எனக்கு ஒண்டு தேவைப்பட்டது" என்றா. நான் எண்ணிக்கையில் தவறவில்லை என்பதை மட்டும் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

நூற்றுப் பத்தாம் பக்கத்தில், தெளிவான கையெழுத்தில்: "வேலம்மா, பெண், 1933, தை 9. முன் பிறந்து இறந்த குழந்தையின் பெயரே இடப்பட்டது." அந்தக் கிராணியிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டேன்.

ஆறு மணிக்கே மேனேஜரை அவர் பங்களாவில் பார்த்து, தோட்டம் கொடுக்கும் காகிதத்தில் ஒரு கையெழுத்து வாங்கினேன். ஆறே முக்கால் பஸ்ஸில் வேலம்மா கிளம்பிவிட்டார். புத்தகம் முறுக்கு டின்னில், டின் மடியில். அவர் திரும்பி வரும் வரைக்கும் நான் சும்மா இருக்க வேண்டும். இருக்கப் போவதில்லை. நீக்கிய மற்ற இருபத்திரண்டு பேரில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று லயம் லயமாகப் போய்க் கேட்கப் போகிறேன். இந்த முறை வாசலில் இருப்பவர்களிடமே கேட்பேன்.

தீபாவளிக்கு வரும்போது டிஸ்க் ஒன்றும் வேண்டாம். இரண்டரை அங்குலத் தடிப்பில் ஒரு பலகைத் துண்டு கொண்டு வாருங்கள். குளிர்ப்பெட்டி சரிந்து நிற்கிறது, கதவு தானாகத் திறக்கிறது, மாமி என்னோடு பேசுவதில்லை. புத்தகம் திரும்பி வந்தால் அதை இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பேன் என்றேன். அதற்கு மட்டும் வாயைத் திறந்தா: "இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அங்கேதான் ஒருத்தரும் சுத்தம் செய்ய மாட்டீங்கள்."