காடை அரைச் சுரம் இறங்கிய கல்யாணம்

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. வேறு யாருமில்லை, நான்தான். கரடி விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

நானும் தவளை பொன்னுரங்கமும் காடை தெய்வானையும் கல்யாண வீடுகளில் சேர்ந்து பாடுவோம். எனக்கு அடிக்குரல், தெய்வானைக்கு நடுக்குரல், பொன்னுரங்கத்துக்கு அதற்கும் மேலே. எப்படிப் பாடுகிறோம் என்று எங்களுக்கே தெரியாது. கேட்டவர்கள் சந்தோஷமாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். நான் செல்போனில் ஒரு ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். பாடம் நடத்தியது ஒரு நாரை.

"ச, க, ப மூன்றும் ஒன்றாக ஒலித்தால் மேஜர் கார்டு. அது சிரிக்கும். நடுவில் இருக்கும் க மட்டும் அரைச் சுரம் இறங்கினால் மைனர் கார்டு. அது அழும்."

மூன்றாம் பாடத்திலேயே நான் மேதையாகிவிட்டேன். நண்பர்களிடம் ஓடினேன்.

"நாம இத்தனை நாளும் பாடினது மேஜர் கார்டு!"

பொன்னுரங்கம் பயந்துபோனார். "யாராவது புகார் குடுத்துட்டாங்களா தம்பி?"

"நான் இதுல எங்கண்ணே இருக்கேன்?" என்றாள் தெய்வானை.

"நீதான் நடு. சிரிப்பு, அழுகை ரெண்டும் உன் தொண்டையில. அரைச் சுரம் நழுவினா கல்யாண வீடு எழவு வீடாயிடும். ஜாக்கிரதை!"

அன்றிலிருந்து அவள் சரியாக இரை எடுக்கவில்லை.

முள்ளம்பன்றி வீட்டுக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தான். பாடினோம். பயத்தில் நடுங்கிய தெய்வானை, அளந்து வைத்தாற்போல் அரைச் சுரம் இறங்கினாள். பெண்ணின் தாய் விம்மினாள். சமையல்காரக் குரங்கு கரண்டியைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதது. தெய்வானை பரிதாபமாக என்னைப் பார்த்தாள்.

நான் அவளைத் தேற்றியிருக்க வேண்டும். மைக்கைப் பிடுங்கினேன்.

"யாரும் பதறாதீங்க! இதுக்கெல்லாம் காரணம் மைனர்!"

பெண்ணின் அப்பா மாப்பிள்ளையை முறைத்தார். "மைனரா?"

மாப்பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டியது. "பக்கத்துக் காட்டு விஷயத்த இவருக்கு யாரு சொன்னது?" என்று உளறிவிட்டான்.

கல்யாணம் நின்றது. பெண் வந்து என் காலில் விழுந்தாள். "என்னைக் காப்பாத்திட்டீங்கண்ணே!"

நான் அவளுக்கு க-வைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டாள்.

இப்போது யார் வீட்டில் சம்பந்தம் பேசினாலும் முதலில் மாப்பிள்ளையை என்னிடம்தான் கூட்டி வருகிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு "மேஜர்" அல்லது "மைனர்" என்கிறேன். பாட மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. தெய்வானையும் பொன்னுரங்கமும் இருவராகவே பாடுகிறார்கள். அடிக்குரல் எங்கே என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லையாம்.

நீதி: இசை இலக்கணம் கட்டாயம் படியுங்கள். பாட்டுக்கு உதவாவிட்டாலும் மாப்பிள்ளை பார்க்க உதவும்.