ஒரு கல் உயரம்

உங்கள் வீட்டுக்காரருக்கு என்றைக்காவது, இருந்தாற்போல் இருந்து, தான் குள்ளமாகிவிட்டதாகத் தோன்றியிருக்கிறதா?

என் வீட்டுக்காரருக்குத் தோன்றியது. எங்கள் பிக்கப் வண்டியில் சிக்னலில் நிற்கும்போது பக்கத்தில் இன்னொரு பிக்கப் வந்து நின்றதாம். அதன் டிரைவர் இவரைக் குனிந்து பார்த்தானாம். அவன் பார்த்தது ரோட்டுப் பள்ளத்தையாகக்கூட இருக்கலாம். ஆனால் இவர் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறிவித்தார்: "டயரை மாத்தப் போறேன். பெரிய சைஸ்!"

டயர் மாற்ற வேண்டியதுதான். அதில் தகராறு இல்லை. நாலும் தேய்ந்து, பிறந்த அன்று எங்கள் பாப்பாவின் தலை இருந்த மாதிரி வழவழவென்று ஆகியிருந்தன. தகராறெல்லாம் சைஸில்தான்.

எங்களுக்குத் தண்ணீர் கேன் வியாபாரம். முன்னறைதான் கிடங்கு. தினமும் காலையில் கேன்களை வண்டியில் ஏற்றுவோம். அதில் எங்களுக்குள் ஒரு வேலைப் பங்கீடு உண்டு. நான் கீழே நின்று தூக்கிக் கொடுப்பேன். அவர் வண்டிமேல் நின்று அடுக்குவார். அடுக்குவது என்றால், நான் விளிம்பில் வைக்கும் கேனைக் காலால் உள்ளே தள்ளுவது. கல்யாணமான புதிதிலிருந்து இதுதான் சட்டம். யார் போட்டது என்று தெரியவில்லை. மேலே நிற்கிறவர் போட்டதாக இருக்கும்.

கேனை விளிம்புக்கு ஏற்றும்போது என் வலது தோள் இப்போதே முனகுகிறது. வண்டி இன்னும் உயர்ந்தால் வாய்விட்டே பேசிவிடும். அதனால் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, ஓரத்தில் கம்பெனிக்காரன் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினேன்.

"ஏங்க, இந்த வண்டிக்கு என்ன சைஸ் டயர்னு இதுலயே போட்டிருக்கே."

"அது சும்மா பயமுறுத்தறதுக்கு ஒட்டுறது."

"பெரிசு போட்டா, ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கும்போது மட்கார்டுல உரசுமாமே?"

"ஒடிக்க மாட்டேன். நேராப் போவேன்."

"நம்ம தெரு முக்குல?"

"முக்குல மெதுவா நேராப் போவேன்."

"ஸ்பீடாமீட்டர் தப்பாக் காட்டுமாம். நீங்க போற வேகத்தைவிடக் கம்மியா."

"நல்லதுதானே! வேகமாப் போறேன்னு நீ என்னைத் திட்டவே முடியாது பாரு."

நான் பாப்பாவுக்கு மூக்கைத் துடைக்கப் போய்விட்டேன். பாப்பாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அதனால் அங்கே பேச்சு தெளிவாக இருந்தது.

சாயங்காலம் டயர்க் கடைக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, பெரிய சைஸ் போட்டா வண்டி எவ்வளவு உசரும்?"

"ரெண்டு விரல் ஏறும்மா, அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொன்னேனே. நாளைக்கு மத்தியானம் மாட்டிக்கறேன்னு இருக்கார். எனக்கு எந்த சைஸும் சம்மதம்தான். ஆனா மாட்டி ஓட்டிட்டா அப்புறம் திருப்பி எடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

ரெண்டு விரல். என் தோளுக்கு அதுவே அதிகம். என் வீட்டுக்காரருக்கு அது போதவில்லை. போனை வைக்கும்போதே வாசலில் அவர் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் அளந்துகொண்டிருந்தார்.

"ஒரு கல் உசரம் எழும்புது அண்ணே! முழுசா ஒரு கல்! பாதை போடுற சிமெண்ட் கல் இருக்குல்ல, அது!"

"அடேயப்பா! அப்போ ஏணி வெச்சுத்தான் ஏறணும்போல."

"உங்க ஏணியைத்தான் கேட்கலாம்னு இருக்கேன்."

அதைக் கேட்டதும்தான் என் கோபம் போய் சந்தோஷம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் அதே சிமெண்ட் கல் மிச்சம் கிடந்தது.

காலையில் எழுந்ததும் சொன்னேன். "ஏங்க, ராத்திரி யோசிச்சேன். பெரிய டயரே போடுங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நிஜமாவா?"

"நிஜமாத்தான். அந்த உசரத்துல வண்டி எப்படி இருக்கும்னு இப்பவே பார்க்கணும்போல இருக்கு. கல்லு வெச்சு ஏத்திக் காட்டுங்களேன்."

இந்த உலகத்தில் என் வீட்டுக்காரரை அத்தனை சுறுசுறுப்பாக யாரும் பார்த்ததில்லை. கற்களை அவரே சுமந்து வந்தார். சக்கரத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாகப் போட்டார். வண்டியை மெல்ல உருட்டி ஏற்றினார். இறங்கி வந்து, கையைக் கட்டிக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னார். எடுத்தேன். போட்டோவில் வண்டி உயரமாகவும் அவர் முன்னைவிடக் குள்ளமாகவும் விழுந்திருந்தார்கள்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வேலைக்குக் கிளம்பியவர், பையோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

"சரி, லோடு ஏத்திடலாம்" என்று சொல்லிவிட்டு நான் வண்டிமேல் ஏறிக்கொண்டேன்.

"நீ எதுக்கு மேல ஏறுற?"

"புது உசரத்துல நின்னு பார்க்க ஆசையா இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் நீங்க தூக்கிக் குடுங்களேன்."

"பாவம், ஆசைப்படுது. குடேன்ப்பா" என்றார் எலக்ட்ரீஷியன் அண்ணன்.

முதல் கேனை என் வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தூக்கினார். அடுத்த கேனுக்கும் சிரிப்பு இருந்தது. அதற்கப்புறம் சிரிப்பு தனியாகவும் மூச்சு தனியாகவும் வந்தன. நான் காலால் தள்ளிக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், அது நல்ல சுகமான வேலை. மேலே காற்றும் வருகிறது.

ஒரு கட்டத்தில் கேனைத் தரையில் வைத்து அதையே உற்றுப் பார்த்தார்.

"என்னங்க?"

"மூடி சரியா இருக்கான்னு பார்க்கறேன்."

"ரொம்ப நேரமாப் பார்க்கறீங்களே."

"நல்ல மூடி."

பாப்பா வாசற்படியில் உட்கார்ந்து கை தட்டியது. அவர் கேனை நெஞ்சுவரை தூக்கினார். விளிம்பு அதற்கு மேலே இருந்தது. கேனும் அவரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.

எனக்கும் இரக்கம் உண்டு. குனிந்து, எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கும் கேட்கும்படியாகவே கேட்டேன். "ஏங்க, நிஜமாவே ஒரு கல்லு உசரம்தானே ஏறும்? ரெண்டு விரல்தான்னா சொல்லுங்க. கல்லை எடுத்துட்டு சின்னப் பலகையா வெச்சுக்கலாம். உங்களுக்கும் லேசா இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் அண்ணனைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"ரெண்டு விரலா? யார் சொன்னா? கல்லுதான். முழுக் கல்லு!"

"அப்போ தூக்குங்க."

தூக்கினார். முன்னறையில் இன்னும் பாதிக் கேன்கள் மீதி இருந்தன.

எலக்ட்ரீஷியன் அண்ணனுக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே தெருவைத் தாண்டிப் போனார். அவர் தலை மறைந்த அடுத்த நொடி என் வீட்டுக்காரர் வண்டியின் பின்கதவில் சாய்ந்து, அப்படியே வழிந்து, தரையில் உட்கார்ந்துவிட்டார். வலது தோளைப் பிடித்துக்கொண்டார். அதே வலது தோள். சட்டத்தை எழுதியவருக்கு அது எங்கே வலிக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

"தினமும் இப்படித்தான் தூக்குறியா நீ?"

"இல்லீங்க. நான் தூக்குறது ஒரு கல்லு கீழ."

சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பிறகு, ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவர் போல, "அந்த ஸ்டிக்கர்ல என்ன சைஸ் போட்டிருந்துச்சு?" என்றார்.

சொன்னேன்.

"கம்பெனிக்காரன் யோசிக்காமலா போட்டிருப்பான்?"

"அதானே."

"அவன் படிச்சவன் இல்லையா?"

"ஆமாங்க."

டயர்க் கடைக்குப் போன் போட்டு, பழைய சைஸே போதும் என்று சுருக்கமாகச் சொன்னார். மீதிக் கேன்களைத் தானே தூக்குவதாகவும், நாளையிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிக்கொள்ளலாம் என்றும் அவராகவே சொன்னார். நான் கேட்கவில்லை. எல்லாம் ஏற்றி முடித்து நான் இறங்கியதும் வண்டியைக் கல்லிலிருந்து இறக்கினார். கற்களை அவசர அவசரமாகப் பின்பக்கம் கொண்டுபோய்ப் போட்டார். திரும்பி வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார்.

"ஏம்மா, எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து கேட்டார்னா, 'வேண்டவே வேண்டாம்'னு நீதான் அழுது அடம்பிடிச்சேன்னு சொல்லிடேன். சொல்லும்போது கொஞ்சம் கண்ணைத் துடைச்சுக்கோ."