நாற்பத்தேழாம் சமன்பாடு

“212ஆம் பக்கத்துல நம்பரைக் காணோம்!”

போனில் பேராசிரியர் போட்ட சத்தத்தில், அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் ஆபரேட்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

“எந்த நம்பர் சார்?”

“பதினோரு வரிச் சமன்பாடு 211ல ஆரம்பிச்சு அடுத்த பக்கத்துல முடியுதில்ல? அது முடியற எடத்துல, வலது ஓரத்துல, நாப்பத்தேழுன்னு இருக்கணும். இல்லை!”

ஆபரேட்டர் திரையைப் பார்த்தார். (47) குத்துக்கல்லாட்டம் அங்கேயே இருந்தது.

‘இருக்கே சார்’ என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார். “அஞ்சு மணிக்குப் புத்தகம் மிஷினுக்குப் போகணும். இந்தத் தடவையும் பேராசிரியர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டார்னா, நாளையிலேர்ந்து நீ வீட்டுலயே இரு.” வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பெண்கள் இரண்டு.

“இதோ மாத்திடறேன் சார்.”

ஒருவேளை இரண்டு பக்கத்திலும் நம்பர் கேட்கிறாரோ? போட்டார். கம்ப்யூட்டருக்கு அவ்வளவு விவரம் ஏது? முதல் பக்கத்தில் 47, அடுத்ததில் 48 என்று போட்டுவிட்டு, பின்னால் வந்த நூற்றுப் பதினாறு சமன்பாடுகளையும் ஓர் எண் தள்ளி உட்காரவைத்தது. புதுப் பக்கங்களை மெயிலில் அனுப்பினார்.

“அப்படியேதான் இருக்கு!” என்றார் பேராசிரியர்.

சரி, வரிக்கு ஒரு நம்பர். மொத்தம் பதினொன்று. இப்போது “சமன்பாடு 48ஐக் காண்க” என்ற இடத்திலிருந்து யாராவது நம்பிப் போய்ப் பார்த்தால், அரை வரியும் ஒரு கூட்டல் குறியும்தான் கிடைக்கும்.

“பாத்தீங்களா சார்?”

“காலையிலேர்ந்து அதைத்தானேய்யா பாக்கறேன்! நம்பர் இல்லை!”

பக்கத்து மேசையில் மெய்ப்புப் பார்க்கும் அக்கா எட்டிப் பார்த்தார். “பக்கம் உடையறதுதான்பா பிரச்சினை. எல்லாத்தையும் 212லயே அடக்கிடு.”

அடக்கினார். எழுத்து எறும்பு சைஸுக்கு வந்தது. 211இல் பாதிப் பக்கம் காலியாக நின்றது. பொருளடக்கத்தில் அதற்குப் பின்னால் ஒரு பக்க எண்கூடச் சரியில்லை. போதாக்குறைக்கு, ஒவ்வொரு தடவையும் பழைய ஃபைலின் மேலேயே சேமித்துத் தொலைத்திருந்தார்.

“அப்படியேதான் இருக்கு! என்னைக் கிறுக்கனாக்கறீங்களா?”

யார் கிறுக்கன் என்று ஆபரேட்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது. நம்பர் தன் கண்ணுக்குத் தெரிகிறது, அக்கா கண்ணுக்குத் தெரிகிறது, அவருக்கு மட்டும் தெரியவில்லை. பயமாக இருந்தது. மணி நாலு. முதலாளி கதவருகே வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

மறுபடி போன் போட்டார். பேராசிரியரின் மனைவி எடுத்தார். “அவர் குளிக்கப் போயிருக்காருப்பா.”

“அம்மா, என் வேலையே போயிடும் போலிருக்கு. 212ஆம் பக்கத்துல நம்பர் இருக்கா இல்லையான்னு நீங்களாவது பாத்துச் சொல்லுங்கம்மா!”

“புதுசா வந்ததை எல்லாம் அவர் இன்னும் திறக்கவே இல்லையே. காலையில நான் பிரிண்ட் எடுத்துக் குடுத்த கட்டைத்தான் வச்சுக்கிட்டுக் கத்திட்டிருக்காரு. இரு, அதுலயே பாக்கறேன்.”

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஏதோ பிய்க்கும் சத்தம்.

“நாப்பத்தேழுதானே தம்பி? இருக்கே! ‘நாலரைக்குக் கண் டாக்டர்’னு எழுதி நான் ஒட்டின சீட்டுக்கு அடியில!”