யோகராணியின் நிறை

"அங்கிள், அன்ரியின்ர நிறை என்ன?"

தொலைபேசியில் கேட்டவள் மிருணாளினி. மெரிலேண்ட்ஸில் பயண முகவர் நிலையம் நடத்துகிறாள். கென்யாவுக்குச் சஃபாரி போகும் நான்கு தமிழ்க் குடும்பங்களின் ஏற்பாடு முழுக்க அவள் பொறுப்பு. கேள்வி போய்ச் சேர்ந்த இடம் குவேக்கர்ஸ் ஹில்லில் உள்ள கேதீஸ்வரனின் வீடு. ரயில்வேயில் மின் பொறியியலாளர் அவர். உயர் அழுத்தக் கம்பிகளுக்குக் கீழே நின்று வேலை பார்த்தே தலை நரைத்தவர். இந்தக் கேள்வியைக் கேட்டதும் குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அது ஏன் பிள்ளை உமக்கு?"

"நைரோபியில இருந்து பார்க்குக்குப் போறது சின்ன பிளேன் அங்கிள். ஆக்களின்ர நிறையையும் பையின்ர நிறையையும் பாத்துத்தான் சீற் போடுவினம். பை பதினைஞ்சு கிலோதான். சில்லு வைச்ச சூட்கேஸ் சரிவராது, துணிப் பைதான் கொண்டுபோகலாம்."

கேதீஸ்வரன் யோசித்தார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் மனைவி யோகராணியிடம் அவர் கேட்காத கேள்வி இது ஒன்றுதான். ஒருமுறை ஒரு சட்டை கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதென்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அந்த வாரம் முழுக்கத் தானே சமைத்துச் சாப்பிட்டார்.

"அறுபத்திரண்டு," என்றார்.

"உங்கட?"

"எண்பத்தைஞ்சு."

"சரியாச் சொல்லுங்கோ அங்கிள். அங்க பிளேனுக்குப் பக்கத்தில தராசு வைச்சு ஒவ்வொருத்தரா ஏத்திப் பாப்பினம். பாரம் கூடின ஆக்களுக்கு ரெண்டு சீற் எடுக்க வேணும். இல்லாட்டி ஏத்தமாட்டினம்."

மற்ற மூன்று குடும்பங்களும் பார்த்துக்கொண்டு நிற்க, யோகராணி தராசில் ஏறுவதையும், முள் அறுபத்திரண்டைத் தாண்டி ஓடுவதையும் கேதீஸ்வரன் நினைத்துப் பார்த்தார். சிங்கத்தைப் பற்றி அதுவரை இருந்த பயம் அவருக்கு விட்டுப்போயிற்று.

மிருணாளினியிடம் திருத்திச் சொல்லலாம். ஆனால் திருத்துவதற்குச் சரியான எண் தெரியவேண்டும். மறுநாள் ஒரு தராசு வாங்கிவந்து அறை நடுவில் வைத்தார்.

"என்னத்துக்கு இது?" என்று யோகராணி கேட்டாள்.

"பை நிறுக்க. துணிப் பை தராசில நிக்காது, சரிஞ்சு விழும். ஆள் பையைப் பிடிச்சுக்கொண்டு ஏறவேணும். பிறகு பையில்லாமல் ஏறிக் கழிச்சுப் பாக்கலாம். ஏறும் பாப்பம்."

"எனக்கு இடுப்பு நோகுது. நீங்கள் ஏறுங்கோ. நான் வாசிக்கிறன்."

வேறு வழியில்லாமல் கேதீஸ்வரன் பையை அணைத்துக்கொண்டு ஏறினார். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு ஏறினார். இரண்டு தரமும் யோகராணி குனிந்து பார்த்தாள். அவர் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி நின்றார். அடுத்து அவளை எப்படி ஏற்றுவது என்பதிலேயே அவருடைய யோசனை இருந்தது.

"பை பதின்மூண்டு," என்றாள் அவள், சற்றுத் தாமதித்து.

"இப்ப நீர் ஒருக்கா ஏறும்."

"பைதான் நிறுத்தாச்சே." தராசைத் தூக்கிக்கொண்டு போய் உடுப்புத் தோய்க்கும் லோன்றி அறை அலுமாரிக்குள் வைத்துவிட்டாள்.

எண் கிடைக்கவில்லை. சரி, எண்ணை விட்டுவிட்டு ஆளையே குறைப்பது என்று கேதீஸ்வரன் முடிவுசெய்தார்.

"சஃபாரியில நிறைய நடக்கவேண்டி வரும். இப்பவே நடந்து பழகுவமே?"

மறுக்கப்போகிறாள் என்று நினைத்தார். யோகராணி உடனே சப்பாத்தைத் தேடினாள். "ஓம், நல்லது. ரெண்டு பேரும் நடப்பம். இரவில சோறும் வேண்டாம்."

அவளுக்கே உள்ளூரக் கவலை இருக்கிறது போலும் என்று கேதீஸ்வரனுக்கு இரக்கமாக இருந்தது. விடியற்காலையில் குவேக்கர்ஸ் ஹில்லின் ஏற்ற இறக்கமெல்லாம் நடந்தார்கள். இரவில் இலைகுழையைத் தின்றார்கள். மனைவிக்காகத்தானே என்று அவரும் முணுமுணுக்காமல் தின்றார். ஆனால் பசி தாங்கவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் ஒரு கடையில் மட்டன் ரோல்ஸ் வாங்கி, காருக்குள் இருந்து சாப்பிட்டுவிட்டு, தூளைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வரப் பழகிக்கொண்டார். முதலில் இரண்டு வாங்கினார். பிறகு கடைக்காரன் அவர் காரைக் கண்டதுமே நான்கைச் சுற்றி வைத்தான்.

யோகராணியும் அப்படியொன்றும் மெலிந்ததாக அவருக்குத் தெரியவில்லை. இனிப் பையில்தான் குறைக்கவேண்டும். அவள் இல்லாத நேரம் பார்த்து அவளுடைய பையிலிருந்து தலைமயிர் காயவைக்கும் மெஷினையும் மிளகாய்த்தூள் போத்தலையும் எடுத்து ஒளித்தார். அவள் தான்தான் வைக்க மறந்துவிட்டதாக நினைத்து மெஷினைத் தேடி எடுத்து வைத்தாள். மிளகாய்த்தூளுக்குப் பெரிய போத்தலாக எடுத்தாள். பிளாஸ்டிக் சொப்பிங் பையைக் கென்யாவுக்குள் விடமாட்டார்களென்று மிருணாளினி சொல்லியிருந்ததால், போத்தலைத் தடித்த துவாயில் வேறு சுற்றினாள்.

கடைசியில் கேதீஸ்வரன் தன்னுடைய பையைக் காலிசெய்தார். தூரக்கண்ணாடி, இரண்டாவது சோடிச் சப்பாத்து, கமராவின் பெரிய லென்ஸ் எல்லாம் வெளியே போயின. மிஞ்சியது இரண்டு காக்கிக் காற்சட்டையும் பல்தூரிகையும்.

யோகராணி வாசலில் நின்று பார்த்தாள். அவள் முகம் ஒருமாதிரி இளகியிருந்தது.

"லென்ஸை ஏன் எடுக்கிறியள்? அதுக்குத்தானே ஆசைப்பட்டனீங்கள்."

"கண்ணாலை பாத்தாக் காணும்."

அவள் தன் பையைத் திறந்து ஒரு மாம்பழ நிறச் சேலையை எடுத்து மேசையில் வைத்தாள். கென்யாவில் கூடார விடுதியில் தங்கும்போது அவர்களுடைய கலியாண நாள் வருகிறது. அன்று கட்டவென்று பார்த்துப் பார்த்து வாங்கிய சேலை.

"இதுவும் வேண்டாம். பாரம். அந்த இடத்தில உங்கட லென்ஸை வையுங்கோ."

சேலையைத் தடவிவிட்டு அவள் குசினிக்குப் போனாள். கேதீஸ்வரன் அந்தச் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பொய் எண்ணைச் சொல்லி, நல்ல மனுசியைப் பட்டினி போட்டு, ஆசைச் சேலையையும் வெளியே எடுத்து வைக்கப் பண்ணியாயிற்று. போதும். கராஜுக்குள் போய்த் தொலைபேசியை எடுத்தார்.

"பிள்ளை, நான் அண்டைக்கு உமக்குப் பொய் சொல்லிப்போட்டன். அன்ரி அறுபத்திரண்டு இல்லை. எத்தினையெண்டு எனக்கே தெரியாது. தேவையெண்டா அவவுக்கு ரெண்டு சீற்றாப் போட்டுவிடும். காசு நான் தாறன். ஆனால் அவவுக்கு ஒரு சொல்லும் தெரியக்கூடாது. மனசு நொந்துபோவா."

மிருணாளினி தொண்டையைச் செருமினாள்.

"அங்கிள், அன்ரிக்கு ஒரு சீற் போதும். அவ போன மாசமே எனக்குக் கோல் பண்ணி, இதையேதான் அழுதழுது சொல்லி, உங்களுக்கு ரெண்டு சீற் போடுவிச்சவ."