ரோமாபுரியின் இடக்கை வேடர்கள்

கனடாவின் மொன்றியல் தமிழர்களில் எதையும் நேராகப் பார்க்காத ஒரே மனிதர் கண்ணாடி அண்ணைதான். மூக்குக் கண்ணாடி போடாதவர். சட்டைப் பையில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருந்ததால் அந்தப் பெயர். யாழ்ப்பாணத்தில் அச்சுக்கோப்பவராக இருந்து, ஈய எழுத்துகளை இடம்வலம் மாறி வாசித்தே பழகியவர். செயின்ட்-மிஷேல் பேருந்தில் பத்திரிகையைக்கூடக் கடைசி வரியிலிருந்து மேலே வாசிப்பார். மரண அறிவித்தலில் முதலில் மருமக்களுக்காக வருந்துவார். செத்தவர் யாரென்று பிறகுதான் தெரியவரும்.

இங்கே ஓர் அருங்காட்சியகத்தில் காவலாளி வேலை. அவர் காவல் நின்ற அறையில் ஐந்நூறு வருடப் பழமையான மைச் சித்திரம் ஒன்று தொங்கியது. ரோமர்கள் காட்டுப்பன்றி வேட்டையாடும் காட்சி. ஒருநாள் என்னைக் கூட்டிப் போனார்.

"மாஸ்டர், வடிவாப் பாருங்கோ. அஞ்சு பேரும் இடக்கையாலை ஈட்டி பிடிச்சிருக்கினம். அஞ்சு இடக்கையர் எங்கையாவது ஒண்டாய்ச் சேருவினமோ?"

"ரோமர் அப்பிடித்தான்," என்றேன். ஊரில் ரோமச் சரித்திரம் படிப்பித்த மாஸ்டர் அல்லவா!

"விசர்க் கதை கதையாதேங்கோ. இது அச்சுக்கெண்டு கீறினது. அச்சடிச்சால் இடக்கை வலக்கையாய் மாறும்." கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். நான் பார்க்கவில்லை. சிரித்தேன்.

அதன்பின் வந்தவர்களையெல்லாம் "பொன்ஜூர்" சொல்லி மறித்துக் கண்ணாடியை நீட்டினார். ஒரு பெண்மணி அதில் உதட்டுச் சாயத்தைச் சரிசெய்துகொண்டு "மெர்சி" என்று போய்விட்டாள். இன்னொரு முறை கண்ணாடியை எடுத்தால் வேலை போய்விடும் என்று மேலதிகாரி எச்சரித்தார்.

"மாஸ்டர், மேலதிகாரிக்குப் பிரெஞ்சிலை ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. நான் கண்டதை அப்பிடியே எழுதுங்கோ. வேலை போனால் போகட்டும்."

எழுதினேன். மன்னிப்புக் கடிதம். படத்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, இனிக் கண்ணாடி கொண்டுவரப் போவதில்லை என்று. பிரெஞ்சு வாசிக்கத் தெரியாத அண்ணை நம்பிக் கையெழுத்திட்டார். அவருடைய வேலையைக் காப்பாற்றியதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். படிக்காத மனிதர் கண்டதை என் பிரெஞ்சில் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த வருடம் யாரோ ஓர் ஆய்வாளர் வந்து பார்த்தபின், படத்தின் கீழிருந்த குறிப்பை மாற்றினார்கள்: அச்சுக்காக இடம்வலம் மாற்றி வரையப்பட்டது. மேலதிகாரி அதை அண்ணைக்கு விளக்கிச் சொன்னாராம். அன்று மாலையே, வாழைப்பழம் பிசைந்து பொரித்த வாய்ப்பன் ஒரு பையோடு அண்ணை வந்து என் கதவைத் தட்டினார்.

"மாஸ்டர், உங்கட கடிதம் வேலை செய்திட்டுது!"

நான் மூன்று வாய்ப்பன் தின்றேன். வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான்.

இந்தக் கதை வெளிவரும் பத்திரிகையையும் அவர் கீழிருந்துதான் வாசிப்பார். ஆகவே முதலில் அவர் கண்ணில் பட வேண்டியதை இங்கே வைக்கிறேன்.

அண்ணை, நீங்கள் கண்டதை அந்தக் கடிதத்தில் நான் எழுதேல்லை. இந்த முறை வாய்ப்பன் நான் கொண்டு வாறன், கதவைத் திறவுங்கோ.